ஆடி வெயிலில் அம்மாவோடு நெடுந்தீவு

யாழ்ப்பாணத்துத் தீவுகளான நயினாதீவையும் நெடுந்தீவையும் ஒரே நாளில் பார்க்கலாமா, அம்மாவுக்குப் படகில் தலைசுற்றுமே என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் குறிகாட்டுவான் இறங்குதுறையில்தான் படகு ஏற வேண்டும். ஆனால் ஒரே நாளில் வேண்டாம், ஓட்டமும் நடையுமாகிவிடும். நயினாதீவுக்குக் கால் மணி நேரம் போல, நெடுந்தீவுக்கோ சுமார் ஒரு மணி நேரம். ஆடியில் தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று பலமாக இருந்தால் படகு நன்றாகவே ஆடும்.

நெடுந்தீவுதான் என்றால் காலையில் முதல் படகைப் பிடியுங்கள். அம்மாவை உள்ளே கீழ்த்தட்டில் இருத்தாதீர்கள். டீசல் மணமும் புழுக்கமும் சேர்ந்தால் தலை சுற்றாதவருக்கும் சுற்றும். காற்றுப் படும்படி, படகின் நடுப்பகுதிக்கு அருகில் இடம் பிடியுங்கள். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், இரண்டு இட்லி போதும்.

இறங்கியதும் ஆட்டோ பேசிவிடுங்கள். முருகைக்கல் (பவளக்கல்) மதில்களும் மட்டக்குதிரைகளும் போகிற வழியிலேயே கண்ணில் படும். பெருக்குமரம் (பாவோபாப்) மட்டும் அவசியம் பாருங்கள், அடிமரப் பொந்துக்குள் ஆள் நுழையலாம். கோட்டையில் இடிந்த சுவர்கள்தான், நிழலும் குறைவு. அம்மா ஆட்டோவிலேயே இருக்கட்டும்.

அப்புறம், திரும்பும் படகின் நேரத்தை இறங்குதுறையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிப் படகை மட்டும் நம்பாதீர்கள்.