1918இல் உலகம் முழுக்கப் பரவிய ஃப்ளூ காய்ச்சலில் இளவட்டங்கள் ஏன் அவ்வளவு பேர் செத்தார்கள்?

மதுரை நத்தம் சாலை கலைஞர் நூலகத்தில் உட்கார்ந்து சில வாரமாக இதைத்தான் படிக்கிறேன். சாதாரண ஃப்ளூ குழந்தைகளையும் வயசானவர்களையும்தான் அதிகம் வாரிக்கொண்டு போகும். 1918இல் 20 முதல் 40 வயதுக்காரர்களும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். வைரஸை எதிர்க்க உடம்பு காட்டிய மிதமிஞ்சிய வேகமே நுரையீரலைக் கெடுத்தது என்பது ஒரு விளக்கம். முதியவர்களுக்குப் பழைய காய்ச்சல் ஒன்றால் கொஞ்சம் தடுப்பாற்றல் இருந்திருக்கலாம் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் சேர்ந்ததாகவே படுகிறது. அப்புறம், பலரின் உயிரை எடுத்தது பின்னாலேயே வந்த பாக்டீரியா நிமோனியா. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தான பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928இல்தான்.

இந்தியாவைப் பற்றிப் படிக்கும்போதுதான் மனசு கனத்துப்போகிறது. ஜூனில் பம்பாயில் தொடங்கி, செப்டம்பரில் இரண்டாம் அலையாகத் தாக்கியது. அந்த வருஷம் மழையும் பொய்த்தது. இங்கே மட்டும் 1.2 கோடிக்கு மேல் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். உசிலம்பட்டியில் எங்கள் அப்பத்தா, யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கஞ்சித் தம்ளரைத் தனியாகத் திண்ணையில் கவிழ்த்து வைப்பார். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமலே விட்டுவிட்டேன்.

1997இல், அந்தக் காய்ச்சலில் இறந்து அலாஸ்காவின் உறைமண்ணில் கிடந்த ஒரு பெண்ணின் உடலிலிருந்து நுரையீரல் திசுவை எடுத்தார்கள். அதன் உதவியால் 2005இல் அந்தக் காய்ச்சலைத் தந்த எச்1என்1 வைரஸின் மரபணு வரிசை முழுதாகக் கிடைத்தது.