பாறை இடுக்கில் முள்புழு: மருந்து ஊற்றாதீர்கள்

முத்தியால்பேட்டை நண்பரே, 200 லிட்டர் கடல்மீன் தொட்டியில் விளக்கணைத்ததும் பாறையிலிருந்து ஊர்ந்து வரும் இளஞ்சிவப்பு முள்புழுக்களுக்குக் குடற்புழு மருந்து ஊற்றலாமா என்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். பாறைக்குள்ளேயே கூட்டமாகச் செத்து அழுகினால் தண்ணீரில் அம்மோனியா நச்சு ஏறும். புழுவுக்கு வைத்தது மீனை முடித்துவிடும்.

இவை பெரும்பாலும் மிச்சத்தீனி தின்பவை. பெருகியிருந்தால் தீனி அதிகம் என்று பொருள். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவே போடுங்கள்.

பிடிக்க: ஒருமுனை அடைத்த அரை அங்குல பிவிசி குழாயில் இறால் துண்டு வைத்து, இரவில் பாறையடியில் கிடத்துங்கள். இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், இல்லையேல் இறாலும் அழுகும். வெறுங்கையால் தொடாதீர்கள். முள் ஏறினால் தேய்க்காமல் செல்லோடேப் ஒட்டி உரியுங்கள்.

வாரம் 20 லிட்டர் தண்ணீர் மாற்றும்போது மணலடி அழுக்கையும் உறிஞ்சுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரப் பக்கம் கடல்தண்ணீர் பிடித்தால் மழைநீர் கலந்திருக்கும், உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 இருக்கிறதா என்று பார்த்தே ஊற்றுங்கள்.