ஐஸவுஸ்ல யாரெல்லாம் குடியிருந்தாங்க?

கேள்வி: மெரினா எதிர்ல இருக்கிற விவேகானந்தர் இல்லத்தை எங்க ஏரியாவுல ஐஸவுஸ்னுதான் சொல்வோம். நிஜமாவே அங்க ஐஸ் வெச்சிருந்தாங்களா? விவேகானந்தரைத் தவிர வேற யாரு இருந்தாங்க?
– ஒரு வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: வெச்சிருந்தாங்கம்மா, அதுவும் அமெரிக்கா ஐஸ்! பாஸ்டன்ல ஃபிரெடெரிக் டியூடர்னு ஒரு வியாபாரி, அங்க குளிர்காலத்துல ஏரி குளமெல்லாம் உறைஞ்சதும் பாளம் பாளமா அறுத்து, மரத்தூள்ல பொதிஞ்சு கப்பல்ல ஏத்திடுவாரு. மாசக்கணக்கா கடல்ல வந்து கரைஞ்சது போக மிச்சத்தைப் பத்திரமா வைக்க 1842ல கட்டினதுதான் இது. அப்ப மெட்ராஸ்ல துறைமுகம் ஏது, கப்பல் தூரத்துல நிக்கும், மசூலா படகுல அலையைத் தாண்டி கொண்டாரணும், அதுவும் நம்ம ஊர் வெயில்ல! அப்புறம் இங்கயே மெஷின்ல ஐஸ் தயாரிக்க ஆரம்பிச்சாங்க, வியாபாரம் படுத்துடுச்சு.

அடுத்து வாங்கினவர் வக்கீல் பிலிகிரி ஐயங்கார். ஐஸ் குடோனாச்சே, வெளிக்காத்து உள்ள வரவே கூடாதுன்னு கட்டினது, இவரு ஜன்னல் வெச்சு, சுத்தி வராந்தா இழுத்து வீடாக்கினாரு. ஹைகோர்ட் ஜட்ஜ் கெர்னன் ஞாபகமா கேசில் கெர்னன்னு பேரும் வெச்சாரு, ஊருல யாரு கேட்டா?

1897 பிப்ரவரியில விவேகானந்தர் வந்து 9 நாள் தங்கினாரு. அதே வருஷம் அவரோட சக துறவி சுவாமி ராமகிருஷ்ணானந்தர் வந்து அங்கயே ராமகிருஷ்ண மடத்தை நடத்தினாரு, ஐயங்கார் காலமான பிறகு 1906ல வீடு ஏலத்துக்குப் போனதும் அவரு பின்னாடி இருந்த அவுட்ஹவுசுக்கு மாறவேண்டியதாச்சு, மறுவருஷம் மயிலாப்பூர் போயிட்டாரு.

எனக்கு முக்கியமா படுறது அதுக்கு அடுத்த கதைதான். சிஸ்டர் சுப்புலட்சுமி, அவங்களே சின்ன வயசுல கல்யாணமாகி உடனே புருஷனை இழந்தவங்க, 1911ல பி.ஏ. முடிச்சு, தன்னை மாதிரி பிராமணக் குழந்தை விதவைகளைச் சேர்த்து ஒரு இல்லம் நடத்தினாங்க, அது இயங்கினது இந்த ஐஸவுஸ்லதான். வீட்டு மூலையில முடங்கிக் கிடக்கவேண்டிய பொண்ணுங்க இங்க தங்கிப் படிச்சு டீச்சரா வேலைக்குப் போனாங்க. 1917ல கட்டடத்தை அரசாங்கம் வாங்கிடுச்சு. 9 நாள் தங்கினவர் பேரை 1963ல, அவரோட நூற்றாண்டு சமயத்துல கட்டடத்துக்கு வெச்சாங்க, சரிதான். ஆனா வருஷக்கணக்கா அந்த வட்ட வராந்தாவுல உக்காந்து பாடம் படிச்ச பொண்ணுங்களை யாரும் பேசுறதில்ல.

இப்ப ராமகிருஷ்ண மடம் உள்ள கண்காட்சி வெச்சிருக்காங்க. பக்கத்துலதானே இருக்கீங்க, ஒரு நடை போய்ட்டு வாங்களேன்.