மையால் கிரீக்கில் சிலை ஏன் இல்லை?

அன்புள்ள ஐயா,

சிட்னியில் வசிக்கிறேன். விடுமுறையில் நியூ சவுத் வேல்ஸின் வடக்கே, பிங்கரா அருகே உள்ள மையால் கிரீக் படுகொலை நினைவிடத்துக்குக் குடும்பத்தோடு போனோம். நாள் முழுக்கக் கார் ஓட்டிப் போனால், அங்கே ஒரு செம்மண் பாதை, வழியில் சில கற்கள், முடிவில் ஒரு பாறை. அவ்வளவுதான். சிலை இல்லை, தூண் இல்லை. "இதுக்காகவா வந்தோம்?" என்று மகன் கேட்டான். அத்தனை உயிர்களுக்கு இது போதுமா?

எம்., சிட்னி

அன்புள்ள எம்.,

சிலை என்றால் யாருக்கு வைப்பது? 1838 ஜூன் 10 மாலை, குதிரையில் வந்த குடியேறிகளின் பண்ணையாட்கள் கூட்டம் ஒன்று விராயராய் என்ற பழங்குடி மக்களைக் கயிற்றில் பிணைத்து இழுத்துப்போய் வெட்டியது. இறந்தவர்கள் குறைந்தது 28 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். இளைஞர்கள் அன்று பக்கத்துப் பண்ணைக்கு மரப்பட்டை உரிக்கப் போயிருந்தார்கள். நம் நடுகல்லில் வாளேந்திய வீரன் இருப்பான். இங்கே சண்டையே நடக்கவில்லை.

அதனால்தான் பாதை. 2000 ஜூன் 10 அன்று திறந்தார்கள். சுமார் 600 மீட்டர், பாம்புபோல வளைந்து போகிறது. நேராகப் போட்டிருந்தால் நீங்கள் விறுவிறுவென்று நடந்து, பாறையோடு ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். வழியில் உள்ள ஏழு கற்களும் ஆங்கிலத்திலும் அந்த மக்களின் கமிலராய் மொழியிலும் கதையைத் துண்டு துண்டாகச் சொல்கின்றன. பாறைக்கு வந்து சேரும்போது, கீழே தெரியும் சரிவில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த இடத்தை மிதிக்கவிடாமல் மேட்டிலிருந்து பார்க்கவைத்திருப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

பாறையில் உள்ள வாசகத்தை மகன் படித்தானா? 'உயிரிழந்தார்கள்' என்று பூசி மெழுகாமல், யாரும் தூண்டாத, திட்டமிட்ட கொலை என்று நேராகச் சொல்கிறது. வழக்கு நடந்து ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள்; தலைமை தாங்கிய ஃப்ளெமிங் கடைசிவரை பிடிபடவில்லை.

2005இல் யாரோ வந்து 'கொலை', 'பெண்கள்', 'குழந்தைகள்' ஆகிய சொற்களைத் தேடித் தேடிச் செதுக்கி எடுத்தார்கள். இது வெறும் கல் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, பாருங்கள்.

அப்புறம், ஒவ்வொரு ஜூனிலும் அங்கே கூடுகிறார்கள். கொல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்களும் வருவார்கள், கொன்றவர்களின் வழிவந்தவர்களும் வருவார்கள். நினைவிடம் எழுப்பியதிலேயே இரு தரப்புக்கும் பங்குண்டு. முடிந்தால் அந்த நாளில் மகனை மறுபடி கூட்டிப்போங்கள். நல்ல குளிர் இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.