‘பாடம் நன்றாக நடந்தது’ – இதற்குப் பதில் என்ன எழுதலாம்? தமிழாசிரியர் கேள்வி பதில்

பல்லடம் ஆசிரியை: வகுப்பு முடிஞ்சதும் நடந்ததை யோசிச்சுக் குறிப்பு எழுதச் சொல்றாங்க. தினமும் ‘பாடம் நன்றாக நடந்தது’ன்னுதான் வருதுங்க. வேற என்ன எழுதறது?

அந்த வரியால் நாளைக்கு ஒரு பயனும் இல்லை. கண்ணில் பட்ட ஒரு பிழையை, பிள்ளை எழுதியபடியே எழுதுங்கள்: “முயற்ச்சி – 31 பேரில் 12 பேர்” என்பது போல. அடுத்து, ஏன் என்று ஓர் ஊகம்: வளர்ச்சி, மகிழ்ச்சி எழுதிய கைப்பழக்கம். கடைசியாக, நாளை செய்யப்போகும் ஒரே வேலை: கரும்பலகையில் ஒரு பக்கம் வளர்ச்சி, மகிழ்ச்சி, மறுபக்கம் முயற்சி, பயிற்சி. ர், ழ் இரண்டும் பின்னால் இன்னொரு மெய்யைச் சேர்த்துக்கொள்ளும், ற் சேர்க்காது.

மூன்று நாள் கழித்து ஐந்து சொற்களைச் சொல்லி எழுத வையுங்கள். 12 குறையவில்லையென்றால் ஊகம் தப்பு. வேறு காரணம் தேடுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: ஒரே நாளில் ஆறு பிழை குறிப்பார்கள், ஒன்றையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

திருப்பூர் ஆசிரியர்: இந்தி பேசும் பிள்ளைகள் ‘தங்க’த்தில் ககரத்தை அழுத்துகிறார்கள். ‘எடு’ ‘ஏடு’ ஆகிறது.

இரண்டும் வேறு வேறு சிக்கல். இந்தியில் வல்லோசைக்கும் (k போல) மெல்லோசைக்கும் (g போல) தனித்தனி எழுத்து. தமிழில் இடம்தான் ஓசையைச் சொல்கிறது. மெல்லினத்தை அடுத்தால் மென்மை: பஞ்சு, வண்டி, பாம்பு. இரட்டித்தால் வன்மை: பச்சை, பட்டி, பக்கம். சொல் முதலிலும் வன்மைதான். பஸ் போன்ற பிறமொழிச் சொற்களுக்கு மட்டும் இந்த விதி தெரியாது!

இரண்டாவது, இந்தியில் குறில் எ, ஒ தனி எழுத்தாக இல்லை. எடு–ஏடு, கொடு–கோடு, பெட்டி–பேட்டி. குறிலுக்கு மேசையில் ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு. காதில் பிரிந்த பிறகே எழுத வையுங்கள்.

கோபி ஆசிரியை: கட்டுரையில ‘ஒறம்பரை’, ‘வட்டல்’னு எழுதறாங்க. சிவப்பு மையில சுழிக்கலாங்களா?

வேண்டாம். நோட்டில் இரண்டு பத்தி: வீட்டில் ஒறம்பரை, எழுத்தில் விருந்தினர்; வீட்டில் வட்டல், எழுத்தில் தட்டு. உரையாடலுக்குள் வந்தால் அப்படியே விடுங்கள்.

ஈரோடு ஆசிரியர்: முன் பெஞ்சு நாலு பேர் மட்டுமே பதில் சொல்கிறார்கள்.

போனில் 10 நிமிடம் பதிவு செய்து, கேள்விக்கும் பதிலுக்கும் இடைவெளியை எண்ணுங்கள். 1970களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அமெரிக்க வகுப்புகளில் பார்த்தது ஏறத்தாழ ஒரு விநாடி. மூன்றாக நீட்டியதும் பதில்கள் நீண்டன. கேள்வி, மனதுக்குள் மூன்று எண்ணிக்கை, பிறகு பெயர். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். எண்ணி முடித்ததும் பதிவை அழித்துவிடுங்கள். அதில் பிள்ளைகளின் குரல் இருக்கிறது.