பிளாட்பாரத்தில் வைத்த போர்டை மாநகராட்சி தூக்கிப் போகலாமா?

கேள்வி: சேலம் சின்னக் கடை வீதியில் வாடகை இடத்தில் ஜவுளிக் கடை நடத்துகிறேன். கடை கொஞ்சம் உள்ளடங்கி இருப்பதால் நான்கடி உயர ஸ்டாண்டு போர்டு ஒன்றைக் காலையில் பிளாட்பாரத்தில் வைத்து, இரவில் உள்ளே எடுத்துவிடுவோம். போன வாரம் மாநகராட்சி வண்டியில் வந்தவர்கள் நோட்டீஸ் எதுவும் தராமல் அதைத் தூக்கிப்போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்துக் கடை போர்டு அப்படியே நிற்கிறது. நகர்த்தக்கூடிய போர்டு எப்படி ஆக்கிரமிப்பு ஆகும்? வழக்குப் போடலாமா? ஆடித் தள்ளுபடிக்கு வீதியின் குறுக்கே ஃபிளெக்ஸ் கட்டலாமா?

பதில்: வழக்கு யார் வேண்டுமானாலும் போடலாம். ஜெயிப்பதுதான் கஷ்டம். அந்தச் செலவுக்கு நாலு புது போர்டு செய்துவிடலாம்.

முதலில் உங்கள் கட்டட உரிமையாளரிடம் பத்திர நகல் வாங்கி, செக்குபந்தியை (நான்கு பக்க எல்லை விவரத்தை) படித்துப் பாருங்கள். முன்பக்க எல்லையில் ‘பொதுத் தெரு’ என்றோ ‘மாநகராட்சி வீதி’ என்றோ எழுதியிருக்கும். அந்த எல்லையோடு அவர் உரிமை முடிந்தது. அவரிடம் வாடகைக்கு இருக்கும் உங்களுக்கு அதற்கு மேல் ஓரடிகூட வராது. ‘ரோடு என்றால் தார் போட்ட இடம்தானே’ என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். ஓரத்து நடைபாதையும் சாக்கடையும் பொதுவாகத் தெருவைச் சேர்ந்தவையே என்று உச்ச நீதிமன்றம் 1965-லேயே மங்லௌர் நகராட்சி வழக்கில் சொல்லிவிட்டது. (இது அன்று உத்தரப் பிரதேசத்தில் இருந்து, இன்று உத்தராகண்டில் உள்ள ஊர்; கர்நாடகத்து மங்களூர் அல்ல.) உங்கள் போர்டின் ஒரு கால் சாக்கடை மூடியின் மேல் நின்றிருந்தாலும் அது தெருவில் நின்றதாகத்தான் கணக்கு.

இரவில் உள்ளே எடுத்துவிடுகிறோம் என்ற வாதம் உங்களுக்கே எதிராகத் திரும்பும். கட்டி வைத்த படிக்கட்டு, இறக்கிய தகர ஷீட் என்றால் நோட்டீஸ், விளக்கம், அவகாசம் எல்லாம் கேட்டு வாதாட இடம் உண்டு. ஒரே ஆள் தூக்கக்கூடிய பொருளுக்கு ‘ஏன் நோட்டீஸ் தரவில்லை’ என்று கேட்டால் நீதிபதி ‘நீங்களே ஏன் எடுக்கவில்லை’ என்று திருப்பிக் கேட்பார். தள்ளுவண்டிக்காரர்களுக்கு 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் துணை நிற்கிறது. கதவும் ஷட்டரும் உள்ள கடைக்காரர் அதைக் காட்ட முடியாது.

பக்கத்துக் கடை விஷயத்தில் உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானதே. ஆனால் ஒருவர் தவறைக் கண்டுகொள்ளாமல் விட்டதைக் காட்டி, எனக்கும் அதே சலுகை வேண்டும் என்று கேட்கும் உரிமையை சமத்துவ உரிமை பேசும் அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவு தரவில்லை. இதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அவர் மேல் புகார் கொடுக்கலாம். தினமும் அவர் முகத்தில் விழிக்க வேண்டியது நீங்கள், யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கூட்டம் நெரியும் நாளில் ஒரு பாட்டி அந்த ஸ்டாண்டின் காலில் இடறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும்? பொது வழியில் இடைஞ்சலோ ஆபத்தோ உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 285-வது பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம். காயத்துக்குத் தனி வழக்கு, நஷ்ட ஈட்டுக்குத் தனி வழக்கு. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்ததில் ஸ்கூட்டரில் போன சுபஸ்ரீ லாரியில் சிக்கி இறந்தது நினைவிருக்கும். அப்போது பேனர் வைத்தவர் மீதே கிரிமினல் வழக்குப் பாய்ந்தது.

அதனால் வீதியின் குறுக்கே ஃபிளெக்ஸ் வேண்டவே வேண்டாம். மின்கம்பத்தில் கயிறு கட்டுவது உயிரோடு விளையாடுவது. 2011-ல் வந்த டிஜிட்டல் பேனர் விதிகளிலேயே முன் அனுமதி கட்டாயம். 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் அதன் விதிகளும் அமலுக்கு வந்த பிறகு பிடி இன்னும் இறுகிவிட்டது. உரிமம் இல்லாத பெரிய விளம்பரப் பலகைக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று அரசே எச்சரித்திருக்கிறது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில் ஊரெல்லாம் ஃபிளெக்ஸ் தொங்குகிறதே என்பீர்கள். தொங்குவதெல்லாம் அனுமதி வாங்கியதல்ல. ஃபிளெக்ஸ் அடிப்பவரிடம் மெட்டீரியல் எத்தனை மைக்ரான் தடிமன் என்றும் கேளுங்கள். 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனருக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை.

சரி, செய்யக்கூடியது என்ன? தள்ளுபடி அறிவிப்பை உங்கள் ஷட்டருக்கு மேலே, சொந்தச் சுவரோடு ஒட்டி, தெருப் பக்கம் துருத்தாமல் வையுங்கள். உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகையையும் ஒரு பார்வை பாருங்கள். தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில். தொழிலாளர் துறை ஆய்வுக்கு வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

தூக்கிப்போன போர்டை விட்டுவிட வேண்டியதில்லை. உங்கள் மண்டல அலுவலகத்தில் உதவி ஆணையருக்கு ஒரு பக்க மனு எழுதுங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தார்கள், போர்டின் அளவு என்ன, இனி பிளாட்பாரத்தில் வைக்க மாட்டேன், திருப்பித் தரவும். சட்டம் பேசாதீர்கள், அந்த உறுதிமொழிதான் வேலை செய்யும். நகலில் சீல் போட்டு வாங்குங்கள். அபராதம் கேட்டால் கட்டிவிடுங்கள், ஆனால் ரசீது இல்லாமல் பத்து ரூபாய்கூட யார் கையிலும் கொடுக்காதீர்கள். பதிலே வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, அன்று பறிமுதல் செய்த பொருள்களின் பட்டியலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் போர்டு இல்லையென்றால் அப்போது என்னிடம் வாருங்கள். வழக்குக்கு அங்கேதான் உயிர் இருக்கிறது.