வீட்டின் அமைப்பு நம் உடலையும் மனதையும் உண்மையிலேயே பாதிக்குமா?

பாதிக்கும். அம்மாவைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட பிறகு எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி வாடகை வீடு. மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து வந்த அம்மாவுக்கு, பாத்ரூம் பக்கத்திலேயே இருக்கிறதே என்று பின் அறையைக் கொடுத்தோம். அங்கே இருந்த ஒரே ஜன்னலைத் திறந்தால் டக்ட்: குழாய்களும் பாசி பிடித்த சுவரும்தான். பட்டப்பகலிலும் ட்யூப்லைட் எரியும். பத்தே நாளில் அம்மா பகலில் தூங்கி, ராத்திரியெல்லாம் முழித்திருக்க ஆரம்பித்தார். "மணி என்னடா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

அப்புறம் கட்டிலை ஹாலுக்கு மாற்றினோம். கிழக்கு ஜன்னல், வெளியே வேப்பமரம். காலை வெயில் கால்மாட்டில் வந்து விழும். ஒரே வாரத்தில் ராத்திரித் தூக்கம் திரும்பிவிட்டது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. பின் அறையில் அதற்கு வழியே இல்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அம்மா முதன்முதலில் ஜன்னல்வரை தானாக நடந்ததும் காக்கைக்குச் சோறு வைக்கத்தான்.

அமெரிக்க ஆய்வாளர் ராஜர் உல்ரிச் 1984இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய ஆய்வு எனக்கு அப்போதுதான் புரிந்தது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேரையும் செங்கல் சுவர் தெரிந்த 23 பேரையும் ஒப்பிட்டார். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான், ஆனால் என் வீட்டில் நடந்ததும் அதே திசையில்தான்.

உள் அலங்காரம் என்றதும் இங்கே ஃபால்ஸ் சீலிங்கும் வால்பேப்பரும்தான் பேச்சு. கிழக்கு ஜன்னலை மறைத்து வார்ட்ரோப் அடித்த வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. சென்னைக் கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். மேற்குச் சுவரும் மொட்டைமாடியும் பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரிதான் உள்ளே விடும்; தூக்கம் கெட்டால் மறுநாள் எரிச்சல் தானாக வரும்.

வீடு பார்க்கப் போனால் மத்தியானம் நாலு மணிக்குப் போங்கள். லைட், ஃபேன் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டுப் பத்து நிமிஷம் படுக்கையறையில் நில்லுங்கள். மேற்குச் சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் பேச்சு அதற்கு அப்புறம்.